நெருப்பு வர்ற அன்னைக்கு மட்டும் வேலை செய்ற வயரு

1

வருஷத்துக்கு ஒரு தடவை இந்த நாட்டு கவர்மெண்டு என்கிட்ட "நீ இன்னும் இங்கதான் இருக்கியா"ன்னு கேக்கும். வீட்டுல யாரும் அப்படிக் கேக்குறதில்ல. அதனால அந்த விசா ஆபீஸ் மேல எனக்கு ஒரு பாசம்.

இந்த வருஷமும் போனேன். கோத்தகிரியிலேர்ந்து கண்டிக்கு நான் கல்யாணமாகி வந்த மாசமும் விசா முடியுற மாசமும் ஒண்ணு. கல்யாண நாளை நான் மறந்தாலும் பாஸ்போர்ட்டு மறக்காது. வீட்டுக்காரர் இருந்தப்ப அவர் பேர்ல விசா. அவர் போய்ச் சேந்த பிறகு மகன் ரவி பேர்ல. என்னை இங்க வச்சுக்கிறேன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். நம்ம காலனி நாய்க்குக் கூட கோத்தகிரியில அப்படி யாரும் எழுதிக் குடுத்ததில்ல, அது பாட்டுக்குப் படுத்துக் கெடக்கும்.

துணைக்குப் பேத்தி கவிஷா வந்தா. எனக்கும் சிங்களம் தெரியும், ஆனா கடைச் சிங்களம். மீன் வாங்கலாம், சண்டை போடலாம். ஆபீஸ்ல அது செல்லாது. வந்த புதுசுல ஆளுக்கு ஆள் "ஹரி ஹரி"ங்கிறாங்களே, என்ன பெருமாள் பக்தி இந்த ஊருக்குன்னு நானும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கேன். 'சரி'ங்கிறதுக்குத்தான் அந்த வார்த்தைன்னு வீட்டுக்காரர் ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னார். அது வரைக்கும் நான் கும்பிடுறத பக்கத்துல நின்னு ரசிச்சிருக்கார் மனுஷன்.

கவுண்டர்ல ஒரு நோனா, அதான் சிங்களத்து ஆபீஸ் அம்மா, என் பேப்பரப் பெரட்டிட்டு என்னமோ கேட்டா.

"அப்பா நாட்டுலதான் இருக்காரான்னு கேக்குறாங்க"ன்னா கவிஷா.

"இருக்கான்னு சொல்லு."

அவ சொன்னா. சொல்லிக்கிட்டே இருந்தா.

"நான் சொன்னது ஒரு வார்த்தை. நீ என்னடி ஒரு கதையே சொல்ற?"

"கட்டார் போகப் போறார்னும் சொன்னேன் அப்பாயி."

"அதை யாரு கேட்டா?"

"உண்மைதானே."

நோனா பேனாவக் கீழ வச்சா. அப்ப அடுத்த வருஷம் யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு கேட்டாளாம். நான் சிரிச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆபீஸ் பாஷை அதுதான். இந்த வருஷத்துக்கு மட்டும் முத்திரை குத்திக் குடுத்துட்டா.

திரும்பி வர்ற பஸ்ஸுல கவிஷா காதுல வயர மாட்டிக்கிட்டு சன்னல் பக்கம் திரும்பிட்டா. பாடம் அவளுக்கு இங்கிலீசு. கூட்டாளிங்க சிங்களம். தமிழ் எனக்கும் சோத்துக்கும்தான். "பசிக்குது", "வேணாம்", "போதும் அப்பாயி". கணக்குப் போட்டா அவ என்கிட்ட பேசுற தமிழும் நான் மீன் கடையில பேசுற சிங்களமும் ஒரே அளவு. அவ சண்டை மட்டும் போட மாட்டா. போட்டாலாவது ரெண்டு வார்த்தை கூட வரும்.

இங்க என்னை இந்தியாக்காரம்மான்னு கூப்புடுறாங்க. அங்க கோத்தகிரிக்கு வந்தா நீங்க எல்லாம் சிலோன்காரிங்கிறீங்க. போன தடவை நான் நாற்காலியக் 'கதிரை'ன்னு சொன்னதுக்கு அக்கா பேரப்புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சதுங்க. ரெண்டு ஊருக்கும் நான் விருந்தாளி. விருந்தாளின்னா சோறு போடணும்ல? ரெண்டு ஊர் ஆபீஸ்லயும் ஃபாரம்தான் நீட்டுறாங்க.

2

போன்ல பேசுறப்ப எல்லாம் கேக்குறீங்க, "அங்க என்னதான்டி வேலை பாக்குற"ன்னு. கொழுந்து பறிக்கிறேன்னு சொன்னா உங்களுக்கு லேசாப் புரிஞ்சிரும். நான் பறிக்கல. பொட்டிக்குள்ள வயரு போடுறேன்.

பெரிய ஹோட்டல் சமையக்கட்டப் பாத்திருக்கீங்களா? அடுப்புக்கு மேல புகையை இழுக்குறதுக்கு தகரத்துல ஒரு பெரிய கூடு கவுத்து வச்சிருப்பாங்க. அதுக்குள்ள குழாய் ஓடும். கீழ எண்ணெய் பத்திக்கிச்சுன்னா அந்தக் குழாயிலேர்ந்து மருந்துத் தண்ணி கொட்டும். மருந்து மட்டும் கொட்டுனா பத்தாது. அந்த நேரத்துல கேஸ் நிக்கணும், பொரிக்கிற சட்டிக்குப் போற கரண்டு நிக்கணும், மணி அடிக்கணும். இத்தனையும் பண்ண வைக்கிறது செவத்துல இருக்குற ஒரு செவப்புப் பொட்டி. அந்தப் பொட்டியத்தான் குண்டசாலையில எங்க வீட்டுக்குப் பின்னால இருக்குற தகரக் கொட்டாயில நாங்க பண்றோம். மகன் படம் பாத்து சாமான் எல்லாம் பொருத்துவான். மருமக சாந்தி வயரு நுனியில சின்ன செம்புக் குப்பி மாட்டி நசுக்கி, நம்பர் வளையம் கோத்து, ஸ்க்ரூ முடுக்குவா. நான் இழுப்பேன்.

இழுக்குறது ஒரு வேலையான்னு கேப்பீங்க. வேலைதான். முடுக்குன ஒவ்வொரு வயரையும் ரெண்டு வெரலால புடிச்சு இழுத்துப் பாக்கணும், சடை பின்னி முடிச்சதும் ஒரு இழுப்பு இழுப்போமே, அந்த மாதிரி. வந்துச்சுன்னா முடுக்குனது சரியில்ல. வரலன்னா அந்த ஸ்க்ரூ மேல நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடுவேன். என் நகத்துல ஒரு நாள் போட்டதில்ல, பொட்டிக்குப் போட்டு அழகு பாக்குறேன்.

இதுல வீட்டுக்காரர் வச்ச சட்டம் ஒண்ணு உண்டு. முடுக்குற ஆள் வேற, இழுக்குற ஆள் வேற. தான் முடுக்குனத தானே இழுத்தா கை தானாவே மெதுவா இழுக்குமாம். அவர் சொன்ன எத்தனையோ சட்டத்த நான் காத்துல விட்டிருக்கேன். இது ஒண்ணு மட்டும் நின்னுருச்சு.

சாந்தி ஹுன்னஸ்கிரிய தோட்டத்துப் பொண்ணு. எங்க அப்பா அம்மா இந்தியாவுக்குக் கப்பலேறுறதுக்கு முன்னால இருந்த அதே லயத்து வீடுங்க பக்கம். பேச்சு ரொம்பக் கம்மி. நான் நாள் முழுக்க அவளச் சீண்டிக்கிட்டே இருப்பேன்.

"ஏன்டி, வாயில ஸ்க்ரூ வச்சு முடுக்கிட்டியா?"

"நீங்க இழுத்துப் பாருங்க அத்தை, தெரியும்"னுவா. தலைய நிமிர்த்தாமயே சொல்லுவா. அதுல ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கும்.

3

இந்த நாட்டுல கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில நின்னோமே, அந்தக் காலத்துக்குப் பிறகு ஊரே கெளம்பிருச்சு. ரவியோட படிச்சவன், ரவிகிட்ட வேலை பழகுனவன், எதுத்த வீட்டு சிங்களத்துப் பையன், எல்லாரும் போயாச்சு. ஹோட்டல்காரங்களும் புதுசா ஒண்ணும் கட்டல. மாசக்கணக்கா ஒரு பொட்டி கூட இல்லாம கொட்டாயில பூனை குட்டி போட்டுச்சு.

அப்பத்தான் கட்டார்ல இருந்து ஆள் கேட்டாங்க. இதே வேலை, இதே செவப்புப் பொட்டி. அந்தக் கம்பெனி ஆள் ஒரு மலையாளத்துக்காரர், கொழும்புக்கு வந்திருந்தார். ரவி வேலையக் கண்ணால பாக்கணும்னார். கண்டி டவுன்ல ஏரிக்கு மேல ஒரு ஹோட்டலுக்கு நாங்க அப்பதான் ஒரு பொட்டி பண்ணிக்கிட்டிருந்தோம். "அதை மாட்டி சோதிக்கிற அன்னைக்கு நானும் வர்றேன். எல்லாம் நின்னா விசா. ஏதாவது ஒண்ணு நிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்"னு சொல்லிட்டார்.

ரவி அதைச் சொல்லும்போது சாந்தி சோறு போட்டுக்கிட்டு இருந்தா. கரண்டி நிக்கல. ஆனா அவன் தட்டுல பருப்பு மேலயே பருப்பு விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

"ரெண்டு வருஷம்தானேம்மா"ன்னான் ரவி.

"ஏன்டா, கட்டார்ல சமையல்காரங்க அவ்வளவு கவனமில்லாதவங்களா? இங்கேர்ந்து உன்னைக் கூட்டிட்டுப் போற அளவுக்கு எரிக்கிறாங்களா?"

"அம்மா, வெளையாடாத."

"நான் எங்கடா வெளையாடுறேன். கேக்குறேன்."

ரெண்டு வருஷம். திருச்சியில பிளேன் ஏறுறப்ப எங்கம்மாகிட்ட நானும் அதேதான் சொன்னேன். ரெண்டு வருஷத்துல வந்து பாக்குறேன்னேன். வந்து பாத்தப்ப அம்மா படத்துல இருந்துச்சு, பூ போட்டு வச்சிருந்தீங்க. அதை நான் ரவிகிட்ட சொல்லல. போறவன் காதுல போட்டு என்ன ஆகப் போகுது. அதுவும் இல்லாம, நான் சொன்னத எங்கம்மா அன்னைக்கு நம்புன மாதிரி தலையாட்டுச்சு. நானும் தலையாட்டுனேன்.

சாந்தி மட்டும் ஆட்டல.

4

சோதிக்கிறதுக்கு முந்துன நாள் மத்தியானம். ரவி ஹோட்டலுக்குப் போய் செவத்துல துளை போட்டுக்கிட்டு இருந்தான். கொட்டாயில நானும் சாந்தியும். பொட்டி முடிஞ்சாச்சு, நான் இழுத்துக்கிட்டு வர்றேன். ஒண்ணு, கோடு. ஒண்ணு, கோடு. கீழ் வரிசையில ஒரு வயரு. புடிச்சு இழுத்தேன், கையோட வந்துருச்சு.

சாந்தி முடுக்குனது இத்தனை வருஷத்துல ஒண்ணு கூட என் கையோட வந்ததில்ல.

"சாந்தி, இங்க ஒருத்தன் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறான்."

அவ திரும்பல. "எது அத்தை?"

"சட்டி கரண்ட வெட்டுறது."

"ம்."

அந்த 'ம்'முல எனக்குப் புரிஞ்சிருச்சு. கேஸ் வயரு கழண்டா கேஸ் அப்பவே நின்னுரும், சமையக்கட்டே கத்தும். மணி வயரு கழண்டா மஞ்ச லைட்டு எரிஞ்சு காட்டிக் குடுத்துரும். இது ஒண்ணுதான் ஊமை. சாதாரண நாள்ல இதுக்கு ஒரு வேலையும் இல்ல, லைட்டும் இல்ல. நெருப்பு வர்ற அன்னைக்கு மட்டும் ஒரே ஒரு தடவை வேலை செய்யணும். இருந்த அத்தனை வயருலயும் இதைத் தேடி அவ எடுத்திருக்கான்னா கை தவறி விட்டதில்ல.

"மறந்துட்டியா?"ன்னு கேட்டேன். மறந்துட்டேன்னு சொல்லட்டும்னுதான் கேட்டேன்.

"இல்ல அத்தை."

பூனை வந்து பொட்டி மேல ஏறப் பாத்துச்சு. சாந்தி அதை எடுத்துக் கீழ விட்டா.

"நாளைக்குச் சட்டி நிக்காது"ன்னா. "அந்த ஆள் வேற ஆளப் பாத்துக்குவார். இவர் இங்கயே இருப்பார். அப்புறமா நானே வந்து முடுக்கிடுறேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

உங்களுக்கு உள்ளதச் சொல்றேன். எனக்கு அது ரொம்ப நல்ல யோசனையா தெரிஞ்சிச்சு. நான் செய்யல, அவ செஞ்சிருக்கா. நான் அந்த வயரத் தொடாத மாதிரி துளையில சொருகிட்டு ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. மகன் வீட்டுல இருப்பான். அடுத்த வருஷம் அந்த நோனாகிட்ட கையெழுத்துப் போட ஆள் இருக்கும். நெயில் பாலிஷ் குப்பி என் கையிலதான் இருந்துச்சு.

"லூசா விட்ட வயரு எப்பவும் உள்ள ஒட்டாமலே இருக்கும்னு நெனைக்கிறியா?"ன்னு கேட்டேன்.

"அதான் கழண்டு இருக்கே."

"துளைக்குள்ளதானே இருக்கு. பொட்டியத் தூக்கி த்ரீவீல்ல வச்சு அந்த மேட்டுல ஏத்துறப்ப ஆடும். ஆடி உள்ள போய் ஒட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா? நாளைக்குச் சட்டி நின்னுரும். அந்த ஆள் கை குடுப்பார், உன் புருஷன் கட்டார் போயிருவான். பூட்டுன பொட்டிய எப்படித் தொறந்து முடுக்குவ? என்னன்னு சொல்லித் தொறப்ப?"

அவ குனிஞ்சு அந்தத் துளையப் பாத்தா.

"அப்புறம் ஒரு நாள் அது தானா வெலகும். யாருக்கும் தெரியாது. எண்ணெய் பத்துற அன்னைக்கு மருந்து கொட்டும், சட்டி கீழ கொதிச்சுக்கிட்டே இருக்கும். மறுபடி பத்தும். முன்னால யாரு நிப்பா?"

யாரு நிப்பான்னு அவளுக்குத் தெரியும். நௌஷாட். கலகெதர ஆளு, அந்த ஹோட்டல்ல பொரிக்கிற சட்டிகிட்ட நிக்கிறவர். அளவெடுக்கப் போன அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, கையில இருந்த பழைய எண்ணெய்த் தழும்பக் காட்டி, "நல்லாப் பாத்து செய்ங்கம்மா. எனக்கு மூணு பொம்புளப் புள்ள ஈக்கிது"ன்னு சொன்னவர். சாந்திக்கு அவர் ரெண்டு வடை கூடவே குடுத்தார், நான் அதைச் சொல்லிச் சொல்லி அவள ஒரு வாரம் ஓட்டுனேன்.

நான் ஸ்க்ரூ டிரைவர எடுத்து நீட்டுனேன்.

"நீங்களே முடுக்குங்க"ன்னா.

"நான் முடுக்குனா யாரு இழுக்குறது?"

என் கையப் பாத்தா. அப்புறம் வாங்குனா. முடுக்குனா. முடுக்கும்போது அவ கழுத்து நரம்பு தெரிஞ்சிச்சு. அவ தள்ளி நின்ன பிறகு நான் புடிச்சு இழுத்தேன். வரல. கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணிப் போச்சு. அன்னைக்கு மிச்சம் இருந்த வயரையெல்லாம் நான் அவளச் சீண்டாமலே இழுத்து முடிச்சேன்.

5

மறுநாள் ஹோட்டல் சமையக்கட்டுல எல்லாரும் நின்னோம். மருந்து உருளையை மட்டும் தனியாக் கழட்டி வச்சிருந்தாங்க, இல்லன்னா எல்லாரும் குளிச்சிருப்போம். மலையாளத்துக்காரர் நல்ல மனுஷன். என்னைப் பாத்து "அம்மே"ன்னு கும்புட்டார். கோத்தகிரி டீக்கடை சேட்டன் ஞாபகம் வந்துச்சு. இவரு மேல கோவப்படலாம்னு காலையிலேர்ந்து சேத்து வச்சிருந்தேன், அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டார்.

நௌஷாட் கேஸ் அடுப்பப் பத்த வச்சார். பொரிக்கிற சட்டிய ஓட விட்டார், சட்டி மேல சின்னதா ஒரு செவப்பு லைட்டு. ரவி செவத்துல இருந்த கைப்புடிய இழுத்தான். மணி அடிச்சுது. அடுப்பு பக்குன்னு அணைஞ்சுது. நானும் சாந்தியும் அந்த லைட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்.

அணைஞ்சுது.

"நன்னாயிட்டுண்டு"ன்னார் மலையாளத்துக்காரர். ரவி எங்க பக்கம் திரும்பிச் சிரிச்சான். பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன அன்னைக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. சாந்தியும் சிரிச்சா. அவ அவ்வளவு நல்லாச் சிரிச்சு நான் பாத்ததில்ல, அதனாலயே எனக்குப் பாக்க முடியல. நௌஷாட் ஆளுக்கு ஒரு பிளேன் டீ, பால் இல்லாதது, குடுத்தார். யாருக்கும் சக்கரை பத்தல, யாரும் கேக்கல.

பேப்பர் எல்லாம் சீக்கிரமா வந்துருச்சு. எனக்கு ஒரு முத்திரைக்கு அரை நாள் நிக்க வைக்கிறவங்க, போறவங்களுக்கு மட்டும் கதவ அகலமாத் தொறந்து வைக்கிறாங்க. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வந்த அன்னைக்கு சாயங்காலம் லேசா மழை. கவிஷா அப்பாவக் கட்டிப் புடிச்சு சிங்களத்துல என்னமோ சொன்னா. அவனும் சிங்களத்துலயே பதில் சொன்னான். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ரவி என்கிட்ட வந்து, "கொஞ்ச நாள் கோத்தகிரி போய் இருந்துட்டு வாயேம்மா"ன்னான். "அங்க யாருடா என்னை எழுதி வாங்குவா"ன்னேன். அவன் சிரிக்கல. வேன் ரோட்டுல திரும்புற வரைக்கும் நின்னோம், அப்புறம் கவிஷா உள்ள போயிட்டா.

நானும் சாந்தியும் கொட்டாயில போய் உக்காந்தோம். வீட்டுக்குள்ள போனா அவன் செருப்பு இருக்கும், அதுக்காக. குருநாகல்ல ஒரு ஹோட்டலுக்குப் பண்ண வேண்டிய பொட்டி ஒண்ணு பாதியில கெடந்துச்சு. ரவி சாமானப் பொருத்தி வச்சுட்டுத்தான் போயிருந்தான். அவ தொடல, நானும் தொடல.

அவதான் கேட்டா, "என் மேல கோவமா அத்தை?"

"உன் மேலதான் கோவம். அன்னைக்கு ரெண்டாந் தடவை நான் எவ்வளவு பலமா இழுத்தேன் தெரியுமா? கழண்டு வந்துரட்டும்னுதான்டி இழுத்தேன். வந்திருந்தா உன்னை மறுபடி முடுக்கச் சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியாது. பாவி, நீ நல்லா முடுக்கிட்ட."

அவ தலைய நிமிர்த்தி என்னைப் பாத்தா.

"நீங்க அப்படித்தான் இழுப்பீங்கன்னு தெரிஞ்சுதான் அத்தை அப்படி முடுக்குனேன்."